காரணமா, விளைவா? சமய, பண்பாட்டு அடையாளங்களும் போஸ்னியப் போரும்

முன்னுரை

பனிப்போர் முடிவுற்றபொழுது, இனி உலகில் பெரும்போர்கள் குறையும் என எதிர்பார்த்தோர் பலர். பொதுவுடைமைக்கும் முதலாளியத்திற்கும் இடையிலான போட்டி ஓய்ந்த பின்னர், நாடுகள் மோதிக்கொள்வதற்கு வேறு காரணம் இராது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆயின் 1990ஆம் ஆண்டுகள் அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தன. யூகோஸ்லாவியா சிதறியது, ருவாண்டாவில் இனப்படுகொலை நிகழ்ந்தது, காக்கேசிய நிலப்பகுதியில் போர்கள் மூண்டன. இவற்றையெல்லாம் விளக்குவதற்கு ஓர் எளிய விடை உருவாயிற்று. மக்கள் வெவ்வேறு சமயத்தினராகவும் பண்பாட்டினராகவும் இருப்பதே மோதலுக்கு மூலம் என்பதே அவ்விடை.

இவ்விடை செய்தித்தாள்களில் மட்டுமன்றிப் பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் இயல்பாகப் புகுந்துவிட்டது. பல இனங்களும் பல சமயங்களும் வாழும் நாடுகளில் ஆசிரியப் பணி புரியும் நாம் இதனை ஆராயாமல் ஏற்பது தகாது. வேறுபாடே பகைக்குக் காரணம் என்றால், வேறுபட்டோர் ஒரே வகுப்பறையில் அமர்வதே ஆபத்து என்னும் முடிவிற்கு அது நம்மை இட்டுச் செல்லும். இக்கட்டுரை, அவ்விடையின் வலிமையையும் குறையையும் 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போஸ்னியப் போரைக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

நாகரிக மோதல் என்னும் கொள்கை

இக்கருத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் ஆவார். 1993இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' என்னும் ஆய்விதழில் நாகரிகங்களின் மோதல் குறித்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரு வினாக்குறியுடன் முடிந்தது. 1996இல் அது நூலாக விரிந்தபொழுது அவ்வினாக்குறி மறைந்துவிட்டது. இனிவரும் காலத்தில் மோதல்களின் அடிப்படை பொருளாதாரமோ அரசியல் கொள்கையோ அன்று, பண்பாடே என்பது அவர்தம் வாதத்தின் சாரம். மேலை நாகரிகம், இசுலாமிய நாகரிகம், இந்து நாகரிகம், சீன நாகரிகம், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நாகரிகம் முதலியனவாக உலகை அவர் பகுத்தார். இப்பகுப்பில் சமயமே முதன்மையான அளவுகோலாக அமைந்தது. இரு நாகரிகங்கள் சந்திக்கும் எல்லைக்கோடுகளிலேயே குருதி சிந்தப்படும் என்பதற்கு அவர் காட்டிய தலையாய சான்றுகளுள் ஒன்று போஸ்னியா.

இக்கொள்கைக்கு மறுப்பும் உடனுக்குடன் எழுந்தது. எட்வர்ட் சயித் 2001இல் எழுதிய கட்டுரையொன்றில், நாகரிகங்களை மூடிய பெட்டிகளாகக் காண்பது அவற்றினுள்ளே நிகழும் விவாதங்களையும், அவற்றிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களையும் மறைக்கின்றது எனச் சுட்டினார். அமர்த்தியா சென் 2006இல் வெளியிட்ட 'அடையாளமும் வன்முறையும்' என்னும் நூலில், ஒரு மனிதர் ஒரே நேரத்தில் பல அடையாளங்களை உடையவர் என்றும், அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து அதுவே அவர் எனக் கொள்வதே வன்முறைக்கு வழிவகுக்கின்றது என்றும் வாதிட்டார்.

இவ்விரு தரப்பினரின் வாதங்களும் நாம் நன்கறிந்தவை. ஆயினும், பன்மை அடையாளம் கொண்ட மக்கள் எவ்வாறு ஒற்றை அடையாளத்தினுள் அடைக்கப்பட்டனர் என்பதனைப் படிப்படியாகக் காண்பதற்குக் கோட்பாடு மட்டும் போதாது. ஒரு நாட்டின் வரலாற்றினுள் நாம் புகுந்தாக வேண்டும்.

ஒரு மொழி, மூன்று சமயம்

போஸ்னியா-ஹெர்சகோவினா, தென்கிழக்கு ஐரோப்பாவில் பால்கன் தீபகற்பத்தில் அமைந்துள்ள மலைநாடு. 1463இல் ஒட்டோமான் பேரரசு இதனைக் கைப்பற்றியது. அப்பேரரசின் ஆட்சிக் காலத்தில் உள்ளூர் ஸ்லாவிய மக்களுள் ஒரு பகுதியினர் இசுலாத்தைத் தழுவினர். ஏனையோருள் சிலர் கத்தோலிக்கராகவும் சிலர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவராகவும் வாழ்ந்தனர். 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களும் பின்னர்ச் சரயேவோ நகரில் குடியேறினர். 1878இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆளுகைக்குட்பட்ட இந்நாடு, 1918இல் தென் ஸ்லாவியரின் அரசில் இணைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்ப் பொதுவுடைமை யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளுள் ஒன்றாயிற்று.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போஸ்னியாவின் முசுலிம்கள், செர்பியர், குரோவாசியர் ஆகிய மூவரும் தென் ஸ்லாவிய மரபினர். பேசியதும் ஒரே மொழி. உருவத்தாலோ பேச்சாலோ ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிதல் எளிதன்று. அவர்களைப் பிரித்தறியப் பயன்பட்டது முன்னோரின் சமயம் மட்டுமே. அச்சமயத்தையும் பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் பலர் தீவிரமாகப் பின்பற்றவில்லை. நகரங்களில் கலப்பு மணங்கள் இயல்பாக நிகழ்ந்தன. 1984இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய சரயேவோ, மசூதியும் தேவாலயமும் யூதத் தொழுகைக்கூடமும் அருகருகே அமைந்த நகரமாகவே உலகிற்கு அறிமுகமாயிற்று.

சரயேவோ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் ஹக்காதா என்னும் யூத நூல், 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் உருவான ஓவியச் சுவடியாகும். இரண்டாம் உலகப்போரின்பொழுது நாஜிகளின் கையில் அது சிக்காமல் காத்தவர் தெர்விஷ் கோர்குத் என்னும் முசுலிம் நூலகர். சமயவெறி இம்மண்ணின் மாறா இயல்பு என்று கூறுவோர் இத்தகைய நிகழ்வுகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

கணக்கெடுப்பு உருவாக்கிய பெயர்கள்

அடையாளம் என்பது தொன்றுதொட்டு மாறாது வருவது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. போஸ்னிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோ இதற்கு மாறான செய்தியைத் தருகின்றன. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முசுலிம்கள் தங்களைச் செர்பிய முசுலிம் என்றோ, குரோவாசிய முசுலிம் என்றோ, தேசிய இனம் தீர்மானிக்கப்படாத முசுலிம் என்றோ பதிவு செய்துகொள்ள இயன்றது. பெரும்பான்மையோர் மூன்றாம் வகையையே தேர்ந்தனர். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான் 'முசுலிம்' என்பது சமயப் பெயராக அன்றித் தேசிய இனப் பெயராக முழுமையான ஏற்புப் பெற்றது. கடவுள் நம்பிக்கை அற்ற ஒருவரும் தேசிய இனத்தால் முசுலிம் எனப் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் விந்தையான நிலை இதனால் உருவாயிற்று. 1993இல், போரின் நடுவில், அப்பெயரும் கைவிடப்பட்டுப் 'போஸ்னியாக்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி போஸ்னியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 43.7 இலட்சம். அவர்களுள் 43.5 விழுக்காட்டினர் முசுலிம்கள், 31.2 விழுக்காட்டினர் செர்பியர், 17.4 விழுக்காட்டினர் குரோவாசியர். ஏறக்குறைய 5.5 விழுக்காட்டினர், இம்மூன்றையும் தவிர்த்துத் தங்களை 'யூகோஸ்லாவியர்' எனக் குறித்துக்கொண்டனர். அஃதாவது இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எப்பெட்டியிலும் அடங்க மறுத்தனர். போருக்குப் பின்னர் 2013இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் போஸ்னியாக்கர் 50.1, செர்பியர் 30.8, குரோவாசியர் 15.4 விழுக்காடு எனப் பதிவாயினர். ஏனைய அனைவரும் சேர்ந்து 3.7 விழுக்காட்டினரே. இடைநிலையில் நிற்பதற்கான இடத்தைப் போர் அழித்துவிட்டது என்பதனை இவ்வெண்கள் தெளிவுறுத்துகின்றன.

அச்சம் அரசியலானமை

அவ்வாறாயின், அண்டை வீட்டாராக வாழ்ந்தோர் பகைவரானது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண 1980ஆம் ஆண்டுகளின் யூகோஸ்லாவியாவை நோக்குதல் வேண்டும். 1980 மே 4ஆம் நாள் அதிபர் டிட்டோ மறைந்தார். ஏறத்தாழ 2,000 கோடி அமெரிக்க டாலர் வெளிநாட்டுக் கடன், வேலையின்மை, கட்டுக்கடங்காத விலையேற்றம் ஆகியவற்றால் கூட்டாட்சி தளர்ந்தது. ஒரே கட்சியின் ஆட்சி பல ஐரோப்பிய நாடுகளில் வீழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஆட்சியைத் தக்கவைக்கவோ புதிதாகக் கைப்பற்றவோ முயன்ற தலைவர்களுக்கு மக்களைத் திரட்டப் புதியதொரு கருவி தேவைப்பட்டது. இன உணர்வே அக்கருவியாயிற்று.

1989 ஜூன் 28ஆம் நாள், கொசோவோப் போரின் 600ஆம் ஆண்டு நினைவு விழாவில் செர்பியத் தலைவர் சுலோபோதான் மிலோசெவிச் பெருந்திரளான மக்களிடையே உரையாற்றினார். 1389இல் ஒட்டோமான் படையோடு நிகழ்ந்த போரின் நினைவு, இருபதாம் நூற்றாண்டின் அரசியல் மேடைக்குக் கொண்டுவரப்பட்டது. குரோவாசியாவிலும் அதற்கு ஈடான தேசியவாதம் தலைதூக்கியது. 1990இல் போஸ்னியாவில் நடைபெற்ற பல கட்சித் தேர்தலில், மூன்று இனங்களின் பெயரால் அமைந்த மூன்று கட்சிகளே பெரும்பான்மை இடங்களைப் பெற்றன.

இவ்விடத்தில் அச்சத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. அண்டை வீட்டார் தம் இனக் கட்சிக்கு வாக்களிப்பார் என எதிர்பார்ப்பவர், தமது பாதுகாப்பிற்காகத் தாமும் தம் இனக் கட்சிக்கே வாக்களிப்பார். எவரையும் வெறுக்காத ஒருவரும் இவ்வாறு செய்தல் கூடும். அரசு அனைவரையும் காக்கும் என்னும் நம்பிக்கை குலையும்பொழுது, இனமே காப்பரணாகத் தோன்றுகின்றது. ஆகவே பகையுணர்வு முதலில் தோன்றி அரசு பின்னர்ச் சிதைந்தது என்பதினும், அரசு சிதையத் தொடங்கியதால் இன அரண்கள் எழுந்தன என்பதே பொருத்தமுடையது எனலாம்.

1992 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் முதல் நாளிலும் விடுதலைக்கான பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. செர்பியருள் பெரும்பாலோர் அதனைப் புறக்கணித்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் இன வேறுபாடின்றிச் சரயேவோ வீதிகளில் திரண்டு அமைதி வேண்டினர். அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து அந்நகரம் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள்கள், முற்றுகைக்குள்ளாயிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் போரில் மாண்டனர். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர், அஃதாவது மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர், இருப்பிடம் இழந்தனர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட முசுலிம் ஆடவரும் சிறுவரும் போஸ்னிய செர்பியப் படையினரால் கொல்லப்பட்டனர். அஃது இனப்படுகொலை என அனைத்துலக நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. இக்கொடுமையின் பொறுப்பை 'பழம்பகை' என்னும் பொதுச்சொல்லில் கரைத்துவிடுதல் இயலாது. திட்டமிட்டோரும் ஆணையிட்டோரும் இருந்தனர். ரதோவான் கராட்சிச், ராட்கோ மிலாதிச் ஆகியோர் நீதிமன்றத்தால் ஆயுள் தண்டனை பெற்றதும் அதனாலேயே.

நாகரிக எல்லையைக் கடந்த அணிகள்

நாகரிக எல்லையே போரின் எல்லை எனின், அணிகள் சமயத்தின் வழியே அமைந்திருத்தல் வேண்டும். ஓரளவிற்கு அவ்வாறு அமைந்ததனை நாம் மறுப்பதற்கில்லை. செர்பியருக்கு ரஷ்யாவிலும் கிரேக்கத்திலும் ஆதரவு இருந்தது. முசுலிம் நாடுகள் பல போஸ்னிய அரசுக்கு உதவின. மலேசியாவும் 1993 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் படையில் தன் படைப்பிரிவை ஈடுபடுத்தியது.

ஆயினும் போர்க்களத்தின் நிகழ்வுகள் இக்கோட்டிற்குள் அடங்கவில்லை. 1992இல் செர்பியப் படையை எதிர்த்து ஒரே அணியில் நின்ற குரோவாசியரும் போஸ்னியாக்கரும் 1993இல் ஒருவரோடொருவர் போரிட்டனர். 1994 மார்ச்சில் வாஷிங்டன் உடன்பாட்டின்வழி மீண்டும் இணைந்தனர். ஓராண்டிற்குள் சமயம் மாறவில்லை. அரசியல் கணக்கே மாறியது. மேற்குப் போஸ்னியாவில் ஃபிக்ரெத் அப்திச் என்னும் முசுலிம் தலைவர் 1993இல் தனியாட்சி அறிவித்து, செர்பியரின் துணையுடன் சரயேவோ அரசின் படையை எதிர்த்துப் போரிட்டார். மறுபுறம், செர்பிய இனத்தவரான யோவான் திவ்யாக், சரயேவோவைக் காத்த போஸ்னியப் படையின் தளபதிகளுள் ஒருவராக விளங்கினார். 1995இல் போரின் போக்கை மாற்றிய நேட்டோ விமானத் தாக்குதல்கள், முசுலிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரங்களைக் காக்கும் பொருட்டுக் கிறித்தவ மரபினரான செர்பியரின் படைமீது நிகழ்த்தப்பட்டன. இந்நிகழ்வுகளை விதிவிலக்குகள் என ஒதுக்கினால், விதியைவிட விலக்குகளே மிகுதியாகிவிடும்.

கலப்பின் சான்றுகள் அழிக்கப்பட்டமை

போரின்பொழுது கட்டடங்களும் குறிவைத்துத் தாக்கப்பட்டன. 1992 மே மாதத்தில் சரயேவோவின் கீழைத்தேயவியல் நிறுவனம் எரிக்கப்பட்டது. அரபு, பாரசீகம், துருக்கியம் ஆகிய மொழிகளின் சுவடிகளோடு, ஸ்லாவிய மொழியை அரபு எழுத்தில் எழுதிய சுவடிகளும் அங்கு இருந்தன. நம்மிடையே வழங்கிய அரபுத்தமிழை ஒத்த மரபு அது. அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய நூலகம் தீக்கிரையாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததனை அறிந்த நமக்கு, இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. 1579இல் எழுப்பப்பட்ட பன்யா லூக்கா நகரின் ஃபெர்ஹாதியா மசூதி 1993 மே 7ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1566இல் கட்டி முடிக்கப்பட்ட மோஸ்தார் நகரின் பழைய பாலம் 1993 நவம்பர் 9ஆம் நாள் குரோவாசியப் படையின் பீரங்கித் தாக்குதலில் ஆற்றில் வீழ்ந்தது.

இவ்வழிவுகள் நம் ஆய்விற்கு முக்கியமான ஒரு சான்றைத் தருகின்றன. பண்பாடுகள் இயல்பிலேயே பிரிந்து கிடந்திருப்பின், அவற்றின் கலப்பைக் காட்டும் சுவடிகளையும் பாலங்களையும் அழிக்க வேண்டிய தேவை எழுந்திராது. சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று நிலைத்திருக்கும் வரை, சேர்ந்து வாழ இயலாது என்னும் கூற்று நிலைபெறாது. பிரிவினை முன்பே இருந்ததனால் போர் வந்தது எனக் கூறப்பட்டது. உண்மையிலோ போரே அப்பிரிவினையை மண்ணின்மீது கட்டியெழுப்பியது.

மொழியும் பள்ளியும்

மொழியாசிரியர்களாகிய நாம் தனிக்கவனம் செலுத்த வேண்டிய பகுதி இது. 1850இல் வியன்னாவில் கூடிய செர்பிய, குரோவாசிய அறிஞர்கள் பொதுவானதோர் இலக்கிய மொழிக்கு அடித்தளமிட்டனர். 1954இல் நோவி சாத் உடன்பாடு அதனை உறுதி செய்தது. இலத்தீன், சிரிலிக் ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்பட்ட அம்மொழி செர்போ-குரோவாசியம் எனப்பட்டது. குரோவாசிய அறிஞர்கள் தம் மொழிக்குத் தனிப்பெயர் வேண்டி 1967இல் அறிக்கை வெளியிட்டதனையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். கருத்து வேறுபாடு போருக்கு முன்னரும் இருந்தது. ஆயின் அது அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதமாகவே இருந்தது.

யூகோஸ்லாவியா சிதைந்த பின்னர் அம்மொழி செர்பியம், குரோவாசியம், போஸ்னியம் எனப் பெயர் பெற்றது. 2007ஆம் ஆண்டு அரசியலமைப்பின்வழி மொண்டெனேகிரியம் நான்காவதாகச் சேர்ந்தது. சிறு வேறுபாடுகள் பெரிதும் வலியுறுத்தப்பட்டன. காப்பி என்னும் பொருளில் 'காஃபா', 'காவா', 'கஹ்வா' ஆகிய வடிவங்கள் முறையே செர்பியம், குரோவாசியம், போஸ்னியம் ஆகியவற்றின் அடையாளமாயின. ஒரு சொல்லை ஒலிக்கும் முறையே ஒருவரின் பற்றுறுதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. எனினும் ஹேக் நகரில் அமைந்த போர்க்குற்ற நீதிமன்றம், இம்மூன்றையும் ஒரே மொழிபெயர்ப்பு மொழியாகவே கையாண்டது. போஸ்னியாவில் விற்கப்படும் சிகரெட்டுப் பெட்டிகளில் புகைத்தல் கொல்லும் என்னும் எச்சரிக்கை மும்மொழிக்கென மும்முறை அச்சிடப்பட்டது. இருமுறை இலத்தீன் எழுத்திலும் ஒருமுறை சிரிலிக் எழுத்திலும் அமைந்த அம்மூன்று தொடர்களும் சொல்லுக்குச் சொல் ஒன்றே.

இதன் விளைவு பள்ளிகளில் வெளிப்படையாகத் தெரிகின்றது. 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் உடன்பாட்டிற்குப் பின்னர், சில பகுதிகளில் 'ஒரே கூரையின்கீழ் இரு பள்ளிகள்' என்னும் ஏற்பாடு தோன்றியது. ஒரே கட்டடத்தில் போஸ்னியாக் மாணவர்களும் குரோவாசிய மாணவர்களும் வெவ்வேறு வாயில்களின் வழியாகவோ வெவ்வேறு நேரங்களிலோ நுழைந்து, வெவ்வேறு பாடத்திட்டங்களைக் கற்றனர். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இது நிலைத்துவிட்டது. 2018இலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இவ்வாறு இயங்கின. மொழியும் வரலாறும் தனித்தனியே கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். போருக்குப் பின்னர்ப் பிறந்த தலைமுறைக்கு அடையாள வேறுபாட்டை நாள்தோறும் உணர்த்துவது பள்ளி வாயிலே ஆயிற்று.

இதனை மாணவர் அனைவரும் வாளா ஏற்றுக்கொள்ளவில்லை. யைத்சே நகரில் புதிதாகத் தனிப்பள்ளி அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபொழுது, இரு இன மாணவர்களும் இணைந்து எதிர்த்தனர். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2014 பிப்ரவரியில் வேலையின்மையையும் ஊழலையும் எதிர்த்துப் போஸ்னிய நகரங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்தபொழுது, 'நாங்கள் மூன்று மொழிகளில் பசித்திருக்கிறோம்' என்னும் பதாகை ஏந்தப்பட்டது. அடையாள அரசியல் மறைத்து வைத்த பொதுவான துன்பத்தை அத்தொடர் எள்ளலோடு வெளிப்படுத்தியது.

சமயத்திற்குப் பங்கே இல்லையா?

இதுகாறும் கூறியவற்றால், சமயத்திற்கும் பண்பாட்டிற்கும் இப்போரில் பங்கே இல்லை என நாம் வாதிடுவதாகக் கொள்ளுதல் கூடாது. இரண்டாம் உலகப்போரில் குரோவாசிய உஸ்தாஷா ஆட்சி யசெனோவாத்ஸ் முகாமில் செர்பியர், யூதர், ரோமா மக்கள் முதலியோரைக் கொன்றொழித்தது. அந்நினைவு செர்பியக் குடும்பங்களில் உயிர்ப்புடன் இருந்தது. பொதுவுடைமை ஆட்சி, ஒற்றுமையின் பெயரால் அத்துயரத்தை வெளிப்படையாகப் பேச இடந்தரவில்லை. பேசப்படாத துயரம் பின்வந்த தலைவர்களின் கையில் படைக்கலனாயிற்று. சமயச் சின்னங்களும் போர்ப்படைகளால் ஏந்தப்பட்டன.

எனவே அடையாளம் வெறும் பொய் அன்று. அதற்கு உண்மையான நினைவும் பற்றும் உண்டு. அதனாலேயே அதற்கு மக்களைத் திரட்டும் ஆற்றல் உண்டு. ஆயின் எரிபொருள் வேறு, தீ மூட்டுவோர் வேறு. ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லைட்டின் ஆகிய அறிஞர்கள் 1945 முதல் 1999 வரையிலான உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை ஈண்டு நோக்கத்தக்கது. நாடுகளின் வருவாய் நிலையைக் கணக்கில் கொண்டு ஒப்பிடும்பொழுது, இன, சமயப் பன்மை மிகுந்த நாடுகளில் உள்நாட்டுப் போர் மிகுதியாக நிகழ்வதில்லை என அவர்கள் கண்டனர். வறுமை, அரசின் வலுவின்மை, ஆட்சி நிலையின்மை ஆகியனவே பெரிதும் துணைநின்றன.

சமயமே அமைதிக்கும் களமாதல் கூடும். 1997இல் போஸ்னியாவின் முசுலிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, யூதச் சமயத் தலைவர்கள் இணைந்து சமயங்களிடை மன்றம் ஒன்றை அமைத்தனர். பகைக்குப் பயன்பட்ட அதே மரபுகள் உரையாடலுக்கும் பயன்பட்டன.

உறைந்துபோன அடையாளம்

டேட்டன் உடன்பாடு போரை நிறுத்தியது; அதன் அருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயின் அமைதியை நிலைநாட்டும்பொழுது, போர் வகுத்த கோடுகளையே அஃது அரசியலமைப்பாக்கியது. ஆட்சித் தலைமைக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் போஸ்னியாக், குரோவாசியர், செர்பியர் என்னும் மூவினத்தவராகவே இருத்தல் வேண்டும். ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச், யூதரான யாக்கோப் ஃபின்சி ஆகிய இருவரும் இவ்விதியால் தாம் போட்டியிட இயலவில்லை என வழக்குத் தொடுத்தனர். 2009 டிசம்பர் 22ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவ்விதி பாகுபாடானது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற்குப் பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அரசியலமைப்பு அதற்கேற்பத் திருத்தப்படவில்லை. பெட்டிகளுக்கு வெளியே நிற்போருக்கு இடமில்லை என்பது போரின் தருக்கம். அமைதியின் சட்டமும் அதனையே தொடர்வது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நம் சூழலுக்குரிய படிப்பினை

மலேசியாவும் சிங்கப்பூரும் போஸ்னியா அல்ல. வரலாறும் குடியேற்ற முறையும் வேறு. எளிய ஒப்பீடு பயன் தராது. எனினும் அடையாளம் எண்ணிக்கையால் உருவாக்கப்படுவதனை நம் நாடுகளின் வரலாறும் காட்டுகின்றது. 1891ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் கணக்கெடுப்பில் 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்னும் தலைப்பின்கீழ் நம் முன்னோர் எண்ணப்பட்டனர். பின்னர் அஃது 'இந்தியர்' என்றாயிற்று. கலப்பு மணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஈரின அடையாளத்தைப் பதிவு செய்ய 2011 முதல் சிங்கப்பூரில் வழி செய்யப்பட்டது. ஒரு பெட்டிக்குள் இரு பெயர் எழுத இடந்தருவது சிறு மாற்றமாகத் தோன்றலாம். போஸ்னியாவின் இரண்டு இலட்சம் 'யூகோஸ்லாவியரை' நினைவிற் கொண்டால் அதன் பொருள் விளங்கும்.

தமிழ் பல சமயத்தாரின் மொழி. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் தமிழ்க் காப்பியங்களே. ஆகவே தமிழ் நம்மைப் பிரியாது காக்கும் என அமைதி கொள்ளத் தோன்றும். மொழி தானாகவே எவரையும் காப்பதில்லை என்பதே போஸ்னியா தரும் படிப்பினை. ஒரே மொழியைப் பேசியோர் ஒரே வகுப்பில் அமராதபொழுது, அம்மொழிக்கே மூன்று பெயர்கள் தோன்றின. பொதுமை என்பது மரபுச் செல்வம் மட்டுமன்று. நாள்தோறும் பேணப்பட வேண்டிய நடைமுறையுமாகும். தமிழ் இலக்கிய வகுப்பில் எவ்வெச்சமய நூல்கள் இடம்பெறுகின்றன, 'நாம்' என்னும் சொல்லால் ஆசிரியர் எவரையெல்லாம் உளப்படுத்துகின்றார் என்பன சிறு செய்திகள் அல்ல.

முடிவுரை

சமய, பண்பாட்டு அடையாளமே போஸ்னியப் போருக்குக் காரணம் என்னும் கூற்று, விளைவைக் காரணமாகக் காண்பதாகும். அரசு தளர்ந்து, அச்சம் வளர்ந்து, பாதுகாப்பும் பதவியும் நிலமும் ஒரே ஓர் அடையாளத்தின் வாயிலாக மட்டுமே கிட்டும் என்னும் நிலை உருவாக்கப்பட்டபொழுதே அவ்வடையாளம் படைக்கலனாயிற்று. பின்னர்ப் போர் அதனை இறுக்கியது; கணக்கெடுப்பும் சட்டமும் பள்ளியும் அதனை நிலைபெறச் செய்தன. வேறுபாடு மோதலின் மூலம் அன்று. வேறுபாட்டை ஒற்றை வாயிலாக மாற்றும் ஏற்பாடுகளே மூலம். இவ்வேற்பாடுகளுள் பள்ளியும் ஒன்றாதல் கூடும் என்பதனை உணர்வது, மாணவர்க்கு அடையாளத்தைக் கற்பிக்கும் பொறுப்புடைய நம் அனைவர்க்கும் இன்றியமையாததாகும்.